ஸ்லாப் சிட்டியில் ஒரு குளிர்காலம்: விளையாட்டு சொல்லித் தராத கணக்குகள்

அமெரிக்காவில் வேலை போய், அடுத்த வேலை கிடைக்கும்வரை வாடகையை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் நிற்கும் நம்மவர்கள் சிலர், "கலிபோர்னியாப் பாலைவனத்தில் வாடகையே இல்லாமல் இருக்கலாமாமே, உண்மையா?" என்று என்னிடம் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அங்கே இருந்துவிட்டு வந்தவன் என்ற செய்தி எப்படியோ நண்பர் வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைமணி நேரம் சொல்வதற்குப் பதில், ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. விசாரிப்பவர்களில் இளையவர்கள் பலர், வீடற்ற வாழ்க்கையை வைத்து உருவாக்கப்பட்ட கணினி விளையாட்டுகளை ஆடிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் ஓரளவாவது கைகொடுக்கும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நானும் அவற்றை விரும்பி ஆடியவன் என்பதால், எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

நான் அதிக நேரம் ஆடியது 'ஹோபோ: டஃப் லைஃப்'. செக் நாட்டின் பெருன் கிரியேட்டிவ் உருவாக்கி, 2021இல் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு அது. பிராஸ்லாவ் என்ற கற்பனை நகரத்தில் குப்பைத் தொட்டிகளைக் கிளறி, வழிப்போக்கரிடம் காசு கேட்டு, பனிக்காலம் வருவதற்குள் கனத்த உடையும் ஒதுங்க ஓர் இடமும் தேடிக்கொள்ள வேண்டும். பசி, உடற்சூடு, களைப்பு, மனத்தெம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு திரையில் ஏறி இறங்கும். உடல் நாற்றத்துக்குக்கூட ஓர் அளவு உண்டு. 'சேஞ்ச்' என்ற இன்னொரு விளையாட்டில் ஒரு பெருநகரத்துத் தெருவில் அதே போராட்டத்தை நடத்த வேண்டும். 2011இல் வட கரோலினாவின் டர்ஹாம் நகரத்துத் தொண்டு அமைப்பு ஒன்றுக்காக மெக்கின்னி விளம்பர நிறுவனம் உருவாக்கிய 'ஸ்பென்ட்' இவற்றைவிட எளிமையானது: கையில் 1,000 டாலர், முன்னால் ஒரு மாதம், ஒவ்வொரு நாளும் ஒரு சங்கடமான தேர்வு. இவற்றைக் கேலியாக நான் நினைக்கவில்லை. நாற்றத்துக்கு ஓர் அளவு வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. குளிக்காமல் நான்கு நாள் கழித்துப் பிராலி நகரத்து மளிகைக் கடையில் வரிசையில் நின்றபோது அது எனக்கு உறுதியாயிற்று. ஆனால் விளையாட்டில் குப்பைத் தொட்டி மறுநாள் தானாக நிரம்பிவிடும், உறங்கினால் இரவு ஒரு நொடியில் கழிந்துவிடும், தண்ணீருக்கு எடை கிடையாது, யாரும் முகவரி கேட்பதில்லை. நான் அடிபட்ட இடங்கள் எல்லாம் இவைதான்.

சான் டியேகோவில் நான் செய்துவந்த ஒப்பந்த வேலை 2024 டிசம்பரில் முடிந்தது. ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 2,300 டாலர் வாடகை. விவாகரத்துக்குப் பிறகு சேமிப்பில் மிஞ்சியது சொற்பம். கலிபோர்னியாவில் வேலையிழப்பு உதவித்தொகை வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர்தான். அதுவும் வழக்கமாக 26 வாரங்களுக்கு மேல் வராது. வாடகை கட்டினால் சாப்பாட்டுக்கு வழியில்லை. வாகனத்திலேயே நகருக்குள் தங்கலாம் என்று பார்த்தால், 2019இல் சான் டியேகோ நகரம் இயற்றிய விதிப்படி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தெருவில் வாகனத்தில் குடியிருக்கக் கூடாது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் 500 அடிக்குள் எந்த நேரத்திலும் கூடாது. 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், பொது இடத்தில் படுத்துறங்குவோரைத் தண்டிப்பதற்கு அரசியலமைப்பில் தடையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, நகரங்கள் பலவற்றில் பிடி இறுகியிருந்தது. வாகனத்தில் வாழ்வோர் இரவில் நிறுத்திக்கொள்ள நகராட்சி ஆதரவுடன் நடக்கும் பாதுகாப்பான வளாகங்கள் சான் டியேகோவில் உண்டு. கழிப்பறை, வேலை தேட உதவி எல்லாம் அங்கே கிடைக்கும். இந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எனக்கு அப்போது இடம் அமையவில்லை. 6,500 டாலருக்கு ஒரு பழைய வேனும், 1,400 டாலருக்குச் சூரியத் தகடும் பேட்டரியும் வாங்கிக்கொண்டு, ஜனவரியில் கிழக்கே புறப்பட்டேன்.

ஸ்லாப் சிட்டி என்பது இம்பீரியல் மாவட்டத்தில், சால்டன் ஏரிக்குக் கிழக்கே, நைலண்ட் என்ற சிற்றூருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், கடற்படைக் காலாட்படையினருக்குப் பயிற்சியளிக்க டன்லப் முகாம் என்ற பெயரில் இங்கே கட்டடங்கள் எழுப்பினார்கள். 1956வாக்கில் அவற்றை அகற்றினார்கள். கான்கிரீட் தளங்கள் மட்டும் எஞ்சின. ஊரின் பெயரும் அந்தத் தளங்களால் வந்ததுதான். 1961இல் நிலம் கலிபோர்னியா மாநிலத்திடம் திரும்பி வந்தது. அன்று முதல் இன்று வரை 640 ஏக்கர் பரப்பில் மின்சாரம், குழாய்த் தண்ணீர், கழிவுநீர்க் கால்வாய், குப்பை வண்டி எதுவும் அரசு சார்பில் கிடையாது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய வண்டிகளில் வரும் முதியவர்களால் கூட்டம் பெருகும். அவர்களை 'ஸ்னோபேர்ட்' என்பார்கள். வெயில் ஏறியதும் அவர்கள் போய்விடுவார்கள்; போக இடமில்லாத சில நூறு பேர் மிஞ்சுவார்கள். லியனார்ட் நைட் என்பவர் 1984இல் தொடங்கி, மண்ணும் வைக்கோலும் பெயின்ட்டும் கொண்டு எழுப்பிய சால்வேஷன் மலையைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் பலர், அதற்கு அப்பால் மனிதர்கள் குடியிருப்பதைக் கவனிக்காமலே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நம்மூரில் புறம்போக்கில் குடிசை போட்டவருக்குக்கூட, என்றாவது ஒருநாள் பட்டா வரும் என்ற நம்பிக்கை இருக்கும். தேர்தல் நெருங்கும்போது அந்த நம்பிக்கை வலுக்கும். ஸ்லாப் சிட்டியில் அப்படி எதுவும் இல்லை. எத்தனை ஆண்டுகள் அனுபவித்தாலும் மாநில நிலத்தின்மேல் அனுபவ பாத்தியதை கோர முடியாது என்பது கலிபோர்னியாச் சட்டம். அங்கே முப்பது ஆண்டுகளாக இருப்பவருக்கும் நேற்று வந்தவருக்கும் காகிதத்தில் ஒரே உரிமைதான், அதாவது உரிமையே இல்லை. ஆனால் காகிதத்துக்கு வெளியே இருவரும் சமமல்ல. பழைய டயர்களையும் மரத் தட்டுகளையும் அடுக்கி எல்லை வைத்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் யாருடைய வண்டி நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் அங்கே நீண்ட காலமாக இருப்பவர்கள்.

எனக்கு முதல் இழப்பு இந்த இடத்தில்தான் நேர்ந்தது. நான் போய்ச் சேர்ந்த வாரத்தில், ஓரிகான் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர், நிழற்கூரையும் ஒரு சிறு கொட்டகையும் இருந்த தன் இடத்தை 700 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். அங்கே இப்படிக் கைமாற்றுவது வழக்கம் என்பதைப் பலரிடம் விசாரித்து அறிந்த பிறகே ரொக்கமாகக் கொடுத்தேன். பிப்ரவரி பாதியில், போன குளிர்காலம் முதல் அந்த இடம் தங்களுடையது என்று ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கொட்டகையின் பின்புறச் சுவரில் அவர்களுடைய பெயர் பெயின்ட்டால் எழுதியிருந்ததையும் காட்டினார்கள். ரசீது, பத்திரம், நீதிமன்றம் என்று நான் அறிந்த எதுவும் அங்கே செல்லாது. மாவட்டக் காவலரான ஷெரீஃப் துறையினர் ரோந்து வருகிறார்கள். என்றாலும் யாருக்கும் பட்டா இல்லாத மாநில நிலத்தில் யார் எங்கே நிற்பது என்ற வழக்கை அவர்கள் தீர்த்து வைக்கப்போவதில்லை. தகராறு முற்றினால் முகாமுக்குத் தீ வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு அங்கே சாதாரணமாக அடிபடும். கரிந்துபோன வண்டிக்கூடுகளைப் பார்த்தவனுக்கு அதை வெறும் பேச்சென்று ஒதுக்கத் துணிவு வராது. பக்கத்து முகாமில், முன்பு லாரி ஓட்டிய மூதாட்டி ஒருவர் இருந்தார். அவர் நடுவில் வந்து பேசி, தன் எல்லைக்குள் என் வேனை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். 700 டாலர் போனது போனதுதான்.

ஆகவே இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்: காலியாகத் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்துவதற்கு முன்னால், சுற்றியுள்ள மூன்று நான்கு முகாம்களில் கேளுங்கள். பணம் வாங்குபவரிடம் கேட்பதால் பயனில்லை. பக்கத்தில் குடியிருப்பவரிடம் கேட்க வேண்டும். பகலில், இறங்கி நடந்து போய், எல்லைக்கு வெளியே நின்று கூப்பிட்டு, அவர் வந்த பிறகு பேசுங்கள். கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் தேடி வந்தவர்கள் அல்லர். உறவினர் கண்ணில் படக்கூடாது என்று இருப்பவர்களும், வழக்கு இருப்பவர்களும், சும்மா படமெடுக்கப்படுவதில் சலித்துப்போனவர்களும் உண்டு. அந்த மூதாட்டி எனக்கு உதவியதற்குக் காரணம், வந்த மறுநாளே அவருடைய தண்ணீர்க் கேன்களையும் சேர்த்து நிரப்பிக்கொண்டு வந்ததுதான் என்று பின்னால் அவரே சொன்னார்.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் வளர்ந்தவன். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போய் வரும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதனால் தண்ணீர்ச் சிக்கனம் எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் நூறு பேர் சேர்ந்து தண்ணீருக்கு அலைந்தோம். இங்கே தனி ஆளாக, பெட்ரோல் செலவழித்து அலைய வேண்டியிருந்தது. ஒரு காலன் என்பது 3.8 லிட்டர், எடையும் ஏறக்குறைய அதே கிலோ. குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, துணியை நனைத்து உடம்பைத் துடைக்க என்று எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு காலன் ஆனது. ஏப்ரலில் குடிப்பதற்கு மட்டுமே இரண்டு காலனை நெருங்கியது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிராலியில் குடிநீர் விற்கும் கடைகளில் நிரப்பிக்கொண்டு வருவேன். தண்ணீரின் விலை சில்லறைதான். அதைக் கொண்டுவரும் பெட்ரோலும், மணற்பாதையில் தேயும் டயரும்தான் உண்மையான விலை. பக்கத்திலேயே கொலராடோ ஆற்றுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு கோச்செல்லாக் கால்வாய் ஓடுகிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்மாய் நினைவு வந்தது. ஆனால் அதன் கரைகள் வழுக்கும் கான்கிரீட் சரிவுகள், நீரோட்டம் மேலே தெரிவதைவிட வேகமானது, பிடித்து ஏற ஏதும் இல்லை. இறங்கியவர்கள் மூழ்கி இறந்த கதைகளை அங்கே பலர் சொன்னார்கள். குளிக்கவும் இறங்காதீர்கள், அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கவும் செய்யாதீர்கள்.

சமையலில் நம் வழக்கங்கள் உண்மையிலேயே உதவின. ஒரு சின்னக் குக்கர் எரிவாயுவையும் தண்ணீரையும் பாதியாகக் குறைத்தது. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் சின்ன வெங்காயத்துக்குப் பதில் கிடைத்த வெங்காயமும் சேர்த்துக் குடித்த நாட்களில் தலைவலி குறைவாக இருந்தது. அந்த மூதாட்டிக்கும் ஒருமுறை கொடுத்தேன். மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டு, அதற்குமேல் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

மின்சாரத்தில் என் கணக்கு காகிதத்தில் சரியாகவே இருந்தது. 200 வாட் தகடு ஐந்து மணி நேர நல்ல வெயிலில் 1,000 வாட்-மணி தர வேண்டும். நடைமுறையில் புழுதி படிந்தும், வெப்பத்தில் தகட்டின் திறன் குறைந்தும் எழுநூறு கிடைத்தாலே பெரிது. வெயில் கூடினால் சூரிய மின்சாரமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒளி கூடினால்தான் கூடும், தகடு சூடேறினால் குறையும். 12 வோல்ட் குளிர்பெட்டி ஒன்றே அதில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. மீதியில் மடிக்கணினி, தொலைபேசி, ஒரு விசிறி. மார்ச் மாதத்தில், மூன்றாம் சுற்று வரை போயிருந்த ஒரு வேலைக்கான காணொளி நேர்காணல் பிற்பகல் ஒரு மணிக்கு அமைந்தது. வேனுக்குள் இருந்த சூட்டில் மடிக்கணினி தானாக அணைந்துபோனது. திரும்ப இயக்கித் தொலைபேசி இணையத்தில் சேர்வதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு இரண்டு வரியில் மறுப்பு வந்தது. அந்த வேலை கிடைத்திருந்தால் ஏப்ரலிலேயே சம்பளம் வந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் சில இரவுகளில் என்னைத் தூங்கவிடுவதில்லை. அதன் பிறகு நேர்காணல் என்றால் முதல் நாளே கிளம்பி, எல் சென்ட்ரோவில் மலிவான விடுதியில் அறை எடுத்துவிடுவேன். வேலை தேடிக்கொண்டே அங்கே இருக்க எண்ணுபவர்கள், அந்த விடுதிச் செலவை மாதக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

குப்பையும் மலமும் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் விட முடியாது. விளையாட்டில் குப்பை என்பது செல்வம். இங்கே அது வெளியேற வழியில்லாத சுமை. சிலர் எரிக்கிறார்கள், சிலர் ஓடைகளில் கொட்டுகிறார்கள், காற்றடித்தால் பிளாஸ்டிக் பைகள் எல்லாம் மெஸ்கீட் முள்மரங்களில் போய் மாட்டிக்கொள்ளும். அந்த மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. முள்ளைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, டயருக்கும் தெரிந்துவிட்டது. நான் மூடியுள்ள வாளியும் பைகளும் மரத்தூளும் வைத்துச் சமாளித்தேன். குப்பையை எல்லாம் கட்டி நகரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டணம் செலுத்திக் கொட்டினேன். எரிக்க மட்டும் செய்யாதீர்கள்: 2020 ஜூனில் நைலண்டிலேயே தீ பரவி ஏறத்தாழ நாற்பது வீடுகள் அழிந்தன, தண்ணீர்க் குழாயே இல்லாத இடத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிழக்கே சாக்லேட் மலைப் பகுதியில் இராணுவத்தின் குண்டுவீச்சுப் பயிற்சி நிலம் இருக்கிறது. இரவில் வானம் வெளிச்சமாகித் தரை அதிரும். அங்கே இரும்பு பொறுக்கப் போகலாம், நல்ல காசு என்று என்னையும் ஒருவர் அழைத்தார். வெடிக்காத குண்டுகள் கிடக்கும் நிலம் அது. எவ்வளவு கையிறுக்கமாக இருந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு மிக அவசியமான செய்திக்கு வருகிறேன். எனக்குப் பச்சை அட்டை (கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத இடத்தில் அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு வழக்கறிஞரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்டுச் செய்தேன். நைலண்டுக்கு வடக்கே 111ஆம் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி உண்டு. பச்சை அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். அசல் அட்டை இல்லாமல் அந்தச் சாலையில் போகாதீர்கள். ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாட்கள்தான் அவகாசம். அந்த 60 நாட்களில் ஒன்றைக்கூடத் தண்ணீர் சுமப்பதில் செலவழிக்க முடியாது. கடிதங்களுக்கு, நைலண்ட் அஞ்சலகத்தில் 'ஜெனரல் டெலிவரி' என்று எழுதச் சொல்லி நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். அங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வங்கிகள் அதை முகவரியாக ஏற்பதில்லை. வேலையிழப்பு உதவித்தொகைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேலை தேடுகிறேன், வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்று உறுதிப்படிவம் அனுப்ப வேண்டும். இணையம் கிடைக்காமல் ஒரு தடவை தாமதமானதில், பணம் வருவது பல வாரங்கள் தள்ளிப்போயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகும், மிகக் கடினமாக இருந்தது எது என்று கேட்டால் பிற்பகல் என்றுதான் சொல்வேன். காலை பதினொரு மணிக்குமேல் வெளியே எதுவும் செய்ய முடியாது; மாலை ஆறு வரை நிழலில் அசையாமல் கிடக்க வேண்டும். விளையாட்டில் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்க விடமாட்டார்கள். இங்கே சும்மா இருப்பதே முழுநேர வேலையாக இருந்தது. படிக்க முடியவில்லை, தூங்க முடியவில்லை. பழைய தவறுகளையும் பழைய சண்டைகளையும் மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் வேலை போனதைச் சொல்லவில்லை. ஒருநாள் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும்போது பின்னால் நிலம் தெரிந்துவிட்டது. "என்னப்பா, நம்ம ஊரு பொட்டக்காடு மாதிரி கெடக்கு? அமெரிக்காவுலதான இருக்க?" என்றார். சுற்றுலா வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அழைப்பை முடித்த பிறகு வெகுநேரம் அழுதேன். மாலையில் சூடு இறங்கியதும் முகாம்களில் பேச்சும் பாட்டும் தொடங்கும். சனிக்கிழமை இரவுகளில் 'தி ரேஞ்ச்' என்ற திறந்தவெளி மேடையில் யார் வேண்டுமானாலும் பாடலாம். அங்கே போய் உட்காரத் தொடங்கிய பிறகுதான் நாட்கள் தாங்கக்கூடியவை ஆயின. தனிமை விரும்பி போகிறேன் என்பவர்கள் மார்ச் வரைதான் அப்படிச் சொல்வார்கள்.

ஏப்ரல் இறுதியில் ஸ்னோபேர்ட் வண்டிகள் போய்விட்டன. மே மாதம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கோடையில் அது 48 வரை போகும் என்றார்கள். முதுகுளத்தூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இது என்ன என்ற தெம்பு எனக்கு இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் சட்டை நனையும், வியர்க்கிறது என்பது தெரியும். இந்த வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே இல்லாமல் ஆவியாகிவிடும், எவ்வளவு நீர் இழந்தோம் என்று உடம்பு சொல்லாது. ஒரு பிற்பகல் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டிருந்தவன் எதற்குத் தூக்கினேன் என்பதை மறந்து நின்றேன். பேச்சு குழறியதைக் கவனித்த மூதாட்டிதான், ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் சுற்றி, இன்னொருவரின் வண்டியில் ஏற்றி அனுப்பினார். மருத்துவமனையில் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றி, மறுநாள் விட்டார்கள். காப்பீடு இல்லாததால் வந்த பெரிய தொகை, வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகைக்கு விண்ணப்பித்த பிறகு 1,100 டாலராகக் குறைந்தது. இந்தச் சலுகை கலிபோர்னியாவில் சட்டப்படி உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் அதற்கான விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். குழப்பம், தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல் ஆகியவற்றில் எது வந்தாலும், படுத்தால் சரியாகும் என்று படுத்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர அங்கே நகரத்தைவிட அதிக நேரமாகும்.

திரும்பி வந்து பார்த்தபோது சூரியத் தகடும் பேட்டரியும் இல்லை. ஒரு இரவு ஆளில்லாமல் நின்ற பொருள், கைவிடப்பட்ட பொருள் என்றே அங்கே சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆத்திரம் வந்தது, ஆனால் தேடிப்போகவில்லை. வேனும் மணலில் சிக்கி, இழுவை வண்டிக்கும் டயருக்குமாக 850 டாலர் ஆனது. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கல்லூரி நண்பன் வீட்டுக்குப் போய், வேனை 3,900 டாலருக்கு விற்றேன். மூதாட்டிக்கு என் கேன்களையும் குக்கரையும் விட்டுவிட்டு வந்தேன். கோடையிலும் அங்கேயேதான் இருக்கப்போவதாகச் சொன்னார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வேனில் நட்டம் 2,600, மின்சாமான்கள் 1,400, இடத்துக்குக் கொடுத்தது 700, இழுவையும் டயரும் 850, மருத்துவமனை 1,100. பெட்ரோல், தண்ணீர், விடுதி என்று கூடுதலாக ஏறக்குறைய 1,750. மொத்தம் 8,400 டாலர். ஐந்து மாத வாடகை 11,500 ஆகியிருக்கும். ஆக, நான் மிச்சம் பிடித்தது 3,100 டாலர். அதற்கு ஈடாக ஒரு வேலை கை நழுவியது. அதே காலத்தில் யாராவது ஒருவர் வீட்டில் ஓர் அறையைப் பகிர்ந்து எடுத்திருந்தால் ஏறக்குறைய இதே செலவுதான்.

இதற்குப் பிறகும் வண்டியில் குளிர்காலத்தைக் கழிக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, அரிசோனாவில் குவார்ட்ஸைட் அருகே லா போசா என்ற இடத்தைச் சொல்வேன். அது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்கு உரியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலரும், 14 நாட்களுக்கு 40 டாலரும் கட்டணம் என்று நான் விசாரித்தபோது சொன்னார்கள். தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் குப்பை போடவும் அங்கே வசதி உண்டு. அந்த அனுமதிச் சீட்டைக் காட்டினால் யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். அதே துறையின் மற்ற திறந்த நிலங்களில் பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாட்கள் இலவசமாகத் தங்கலாம், பிறகு இடம் மாற வேண்டும். ஏப்ரல் 15க்குப் பிறகு அங்கேயும் இருக்க எண்ணாதீர்கள். வெயில் அதே வெயில்தான்.